ஆட்டோ கூப்பிடாமல் செம்பரம்பாக்கம்

திருமுல்லைவாயிலில் இருந்து செம்பரம்பாக்கம் ஏரிக்குச் சைக்கிளில் போய் வந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். யாரும் அதைப் பயணக் கட்டுரையாக எழுதியதாகத் தெரியவில்லை. எழுதும்படி வழியில் ஒரு மலையும் இல்லை, அருவியும் இல்லை. ஆவடி வரை நான்கு கிலோமீட்டர், அங்கிருந்து பூந்தமல்லி பத்து, அப்புறம் ஏரிக்கு ஏழு. நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. என் சைக்கிள் எங்கள் வீட்டில் இருப்பதா, முத்தாபுதுப்பேட்டைக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போவதா என்பது அன்று அந்த இருபத்தோரு கிலோமீட்டரில்தான் தீர்மானமாக இருந்தது.

அது பந்தயக்காரர்கள் ஓட்டும் ஜாதி சைக்கிள். கைப்பிடி ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்திருக்கும், டயர் இரண்டு விரல் அகலம்கூட இருக்காது, பின்சக்கரத்தில் எட்டு பல்சக்கரம். பழையதாக இருபத்தாறாயிரத்துக்கு வாங்கினேன். முதல் ஆறு மாதம் வெண்ணெயில் கத்தி போன மாதிரி கியர் மாறியது. போன அக்டோபரில் இருந்து ஒரே மக்கர். அதற்குப் பிறகு மூன்று தடவை நான் வெளியே போனது சைக்கிளில், திரும்பி வந்தது ஆட்டோவில். மூன்றாவது தடவை ஆட்டோவின் பின்பக்கம் சக்கரம் நீட்டிக்கொண்டிருக்க நான் இறங்கியதை எங்கள் அடுக்ககம் முழுக்கப் பார்த்தது.

அன்று சாயங்காலமே என் மனைவி கோகிலா, சைக்கிளைப் படம் எடுத்து விற்பனை ஆப்பில் போட்டுவிட்டாள். முத்தாபுதுப்பேட்டையில் இருந்து ஒருவர், வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். நான் கெஞ்சினேன். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள். அதே ஞாயிறு காலை நான் செம்பரம்பாக்கம் போய், ஆட்டோ கூப்பிடாமல் வீடு திரும்பினால் வண்டி வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் ஐந்து மணிக்கு முத்தாபுதுப்பேட்டை. நடுவராகத் தானும் கூடவே வருவாளாம், முன்னால் கூடை வைத்த, கியர் என்ற பேச்சே இல்லாத தன் சைக்கிளில்.

ஞாயிறு, காலை ஐந்தே முக்கால். தை மாதப் பனி இன்னும் விலகவில்லை. ரயில் நிலையத்துப் பக்கம் பூக்காரர்கள் மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கோகிலா டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு, கூடையில் தண்ணீர் பாட்டிலும் நான்கு வாழைப்பழமும் வைத்திருந்தாள். நாங்கள் இருவரும் கரூர்ப் பக்கத்து ஆட்கள். இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகியும் அவள் வாயில் இருந்து ‘ங்க’ போகவில்லை. கோபம் வந்தால் அந்த ‘ங்க’ இன்னும் இரண்டு கூடும்.

“ஏனுங்க, கிளம்பலாமுங்களா? ஆட்டோக்காரர் நம்பர் பத்திரமா வெச்சிருக்கேனுங்க” என்றாள்.

ஆவடி வரை வண்டி தங்கமாக ஓடியது. உண்மையைச் சொன்னால், நான் கியரைத் தொடவே இல்லை. ஆவடியில் ஒரு டீக்கடையில் நின்றோம். டீ பதினைந்து ரூபாய், இஞ்சி தாராளம். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையில் இருந்து சின்னத் திருப்புளியை எடுத்து டீரெய்லரின் இரண்டு திருகுகளை ஆளுக்குக் கால் சுற்றுத் திருப்பினேன். பின்சக்கரத்தின் பக்கத்தில் தொங்கியபடி, செயினை ஒரு பல்சக்கரத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் இரும்புக் கைக்குத்தான் டீரெய்லர் என்று பெயர். கைப்பிடியின் கியர் பொத்தானில் இருந்து கேபிள் வந்து சேரும் இடத்தில் இருந்த குமிழையும் சும்மா விடவில்லை. இணையத்தில் பார்த்த ஏழெட்டு வீடியோக்கள் என் தலைக்குள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

டீ மாஸ்டர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்த்தார். “இன்னா சார், செயினு லூசா கீதா?”

“செயின் இல்லைங்க, கியர்.”

பக்கத்தில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். “அண்ணாத்தே, என் மச்சானும் ஒரு கியர் வண்டி வாங்கினான். ஒரே கியர்ல போட்டு கட்டு கம்பியால கட்டிட்டான். இன்னிக்கி வரிக்கும் ஒரு பிராப்ளம் கெடயாது.”

கோகிலா டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

பருத்திப்பட்டு ஏரியை எட்டியபோது சூரியன் வந்துவிட்டது. நடைபாதையில் கை வீசி நடக்கிறவர்கள், ஓடுவது மாதிரி நடக்கிறவர்கள், நிற்பதையே உடற்பயிற்சியாகச் செய்கிறவர்கள் என்று ஊரே அங்கே இருந்தது. தண்ணீரில் வெள்ளைப் பறவைகள் இறங்கின. இந்த அழகில் மயங்கி நான் கியரை மாற்றினேன். லேசான கியருக்குப் போவதில் ஒரு கஷ்டமும் இல்லை, உடனே ஏறிக்கொண்டது. அங்கிருந்து கனமான கியருக்கு இறங்கச் சொன்னால்தான் வண்டி கேட்காது. ஒரு தடவை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இரண்டாவது தடவை அழுத்தினால் கடகடவென்று முனகும். சரி, விட்டுவிடலாம் என்று நினைக்கும்போது இரண்டு பல் ஒரேயடியாகக் குதித்து இறங்கும். கூடவே கீழே ஒரு டிக் டிக் சத்தம்.

நின்றேன். குமிழையும் சேர்த்து மூன்று திருகையும் மறுபடி திருப்பினேன். கோவர்த்தனகிரியில் ஒரு தடவை நின்றேன். அப்புறம் ஒரு கறிக்கடை வாசலில் நின்றேன். கறிக்கு வரிசையில் நின்றவர்கள் கறியை மறந்து என்னைப் பார்த்தார்கள். ஒருவர் திருகை வலப்பக்கம் திருப்பச் சொன்னார், இன்னொருவர் இடப்பக்கம். நான் இருவர் மனமும் நோகாமல் நடந்துகொண்டேன்.

காடுவெட்டியில் கூவம் பாலத்தின் ஏற்றத்தில், நான் திருப்பிய திருகுகளின் புண்ணியத்தில், வண்டி கனமான கியரில் மாட்டிக்கொண்டு லேசான பக்கமும் ஏற மறுத்தது. ஏற்றம் என்றால் பெரிய ஏற்றம் ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் நின்றுகொண்டு மிதித்தும் நகரவில்லை. கோகிலா கூடை குலுங்க, மணியை ஒரு தட்டு தட்டிவிட்டு என்னைத் தாண்டிப் போனாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பாலம் செங்குத்து என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாலத்தைத் தாண்டி, சென்னீர்க்குப்பமும் தாண்டி, கரையான்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் விஷயம் முற்றியது. நான் அழுத்த, செயின் மூன்று பல் தாண்டிக் குதித்து, கடைசிப் பல்லையும் தாண்டி, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போய் இறுகிக்கொண்டது. சக்கரம் சுற்றவில்லை. வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளினேன். கோகிலா போனைக் கையில் எடுத்தாள். நான் வண்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் போனைக் கையால் மறைத்தேன். நாற்பத்திரண்டு வயதில் ஒரு சைக்கிளுக்காக இப்படிச் செய்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

“ஒரு பத்து நிமிஷம் குடு கண்ணு. அங்க பாரு, பஞ்சர் கடை திறந்திருக்கு” என்றேன்.

கடை திறந்திருக்கவில்லை, மூடப் போகிற நிலையில் இருந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருக்க, அதன் முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கஞ்சி போட்ட நீலப் புடவையில், கையில் ஜெபமாலையோடு நின்றிருந்தார். ரோஸ்லின் டயர் ஒர்க்ஸ் என்ற பலகையில் இருக்கும் ரோஸ்லின் அவர்தான்.

“கியர் வண்டிலாம் நான் தொடறதில்ல நைனா” என்றார் வண்டியைப் பார்த்ததுமே. “தொட்டா இன்னும் கெட்டுப்பூடும். பஞ்சர், காத்து, அவ்ளோதான் நம்ம லைனு. எனக்கு பூசைக்கு வேற டைம் ஆய்ச்சி.”

நான் தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பினேன். என் முகம் எப்படி இருந்ததோ, அவர் கூப்பிட்டார்.

“இரு, இரு. சாமானெல்லாம் உள்ளதான் கீது. ஸ்பேனர், ஆயிலு, துணி. நீயே பாத்துக்கோ. யார்னா காத்துக்கு வந்தாங்கன்னா அடிச்சி உடுங்க. கோயிலு பக்கத்துலதான், பூசை முடிஞ்சதும் வந்துர்றேன்.”

கோகிலா திகைத்துவிட்டாள். “அக்கா, நாங்க யாருன்னே உங்களுக்குத் தெரியாதுங்களே?”

“சைக்கிளையே ஓட்ட முடியாம தள்ளிகினு வர்றீங்க. கடைய தூக்கிகினு எங்க ஓடப்போறீங்க?” என்று சொல்லிவிட்டு ரோஸ்லின் அக்கா ஷட்டரை மறுபடி மேலே தள்ளிவிட்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

இப்படித்தான் நாங்கள் கரையான்சாவடியில் ஒரு பஞ்சர் கடைக்கு உரிமையாளர்கள் ஆனோம். காலை ஏழேகால்.

நான் வண்டியைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டு, செயினை விடுவித்து, பழக்க தோஷத்தில் மூன்று திருகையும் திருப்ப ஆரம்பித்தேன். அதற்குள் முதல் ஸ்கூட்டர் வந்துவிட்டது. முன்னால் குழந்தை, பின்னால் மனைவி, எல்லோரும் பட்டில். கோகிலா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு குழாயை எடுத்து, வால்வில் வைத்து அழுத்தினாள். காற்று புஸ்ஸென்று வெளியே போனதே தவிர உள்ளே போகவில்லை. ஸ்கூட்டர்காரர் பொறுமையாகக் குனிந்து குழாயை எப்படி நேராகப் பிடிப்பது என்று காட்டினார். இரண்டாவது தடவை ஏறியது.

“கடைக்குப் புது ஆளாம்மா?”

“பூசை முடியிற வரைக்குமுங்க” என்றாள் கோகிலா.

அடுத்து பின்சீட்டில் பிரியாணி அண்டா கட்டிய ஒரு வண்டி. அப்புறம் ஒரு புல்லட். அதற்குப் பின் தன் மொபெட்டின் இரண்டு டயருக்கும் காற்று வேண்டாம், பார்த்துச் சொன்னால் போதும் என்ற ஒரு பெரியவர். கோகிலா எல்லாருக்கும் அளவுமானியைப் படித்துச் சொன்னாள். அவள் முகத்தில் நான் வெகு நாளாகப் பார்க்காத ஒரு சந்தோஷம் இருந்தது. என் முகத்தில் கிரீஸ் இருந்தது.

வண்டிகள் ஓய்ந்த ஓர் இடைவேளையில் அவள் என் பின்னால் வந்து நின்றாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. மற்றவர்கள் எழுதியதில் எங்கே தப்பு என்று தேடிப் பிடிப்பதுதான் பிழைப்பு. நடுவர் வேலையில் இருப்பதால் வாயைத் திறக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் நான் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவளால் ஆகவில்லை.

“ஏனுங்க, ஒரே சமயத்துல மூணைத் திருகுனா, எதனால சரியாச்சு, எதனால கெட்டுச்சுன்னு எப்படிங்க தெரியும்?”

“வீடியோல...”

“வீடியோவ விடுங்க. கெட்டது அந்த இரும்புக் கையா, கேபிள் கயிறா, பொத்தானா? முதல்ல அதச் சொல்லுங்க.”

மூன்று மாதமாக நான் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

திருகுகளைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. டீரெய்லரில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்டை மட்டும் தளர்த்தி, கேபிளைக் கழற்றிவிட்டோம். இப்போது அந்த இரும்புக் கை தனியாக இருந்தது. கோகிலா அதை விரலால் உள்ளே தள்ளினாள். லேசாகப் போனது. விட்டாள். டக்கென்று தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. வளையவில்லை, இறுகவில்லை, நல்ல பிள்ளையாக இருந்தது. அதன் சின்னச் சக்கரத்தின் அச்சில் மட்டும் ஒரு நூல் சுற்றிக்கொண்டிருந்தது. பிளேடால் அறுத்து எடுத்தேன். டிக் டிக் சத்தம் அதோடு போனது.

“இப்ப கயிற இழுங்க.”

கேபிளை இழுத்தேன். மணலுக்குள் இழுக்கிற மாதிரி நறநறத்துக்கொண்டு வந்தது. கைப்பிடியில் கியர் பொத்தானை அழுத்தி விட்டால், கேபிள் தளர வேண்டிய இடத்தில் தளரவே இல்லை. இழுக்கும்போது என் விரல் பலத்தில் போய்விடுகிறது. விடும்போது, இரும்புக் கையைத் திரும்பத் தள்ளும் ஸ்பிரிங்கின் பலம் போதாமல் நடுவழியில் நிற்கிறது. லேசான கியருக்கு ஏறுவதும் கனமான கியருக்கு இறங்க மறுப்பதும் ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. நான் இத்தனை நாளும் ஒரு குற்றமும் செய்யாத மூன்று திருகுகளைப் போட்டு வதைத்திருக்கிறேன்.

டீரெய்லருக்குப் பக்கத்தில் வளைந்து போகும் கேபிளின் கறுப்பு உறையை உருவினோம். அதன் வாயில் மஞ்சளாக ஏதோ காய்ந்து, கட்டியாக அடைத்திருந்தது. துரு என்று நினைத்தேன். கோகிலா அதை நகத்தால் சுரண்டி, மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியது.

“என்ன கண்ணு?”

உறையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கிரீஸ் நாற்றத்தையும் மீறிச் சந்தன வாசனை.

அக்டோபரில் ஆயுத பூஜை. அடுக்ககத்துக் கார் நிறுத்தத்தில் எல்லா வண்டிகளுக்கும் பூஜை நடந்தது. எங்கள் வீட்டுப் பங்குக்குக் கோகிலா பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்து எடுத்து வந்தாள். காருக்கு இஞ்சின் மேல், ஸ்கூட்டருக்கு இஞ்சின் மேல் என்று வைத்துக்கொண்டே வந்தவள், என் சைக்கிளிடம் வந்ததும் “இதுல இஞ்சின் எதுங்க?” என்று கேட்டாள். நான் பெருமையாக டீரெய்லரைக் காட்டினேன். அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. திருகு, குமிழ், கேபிள் நுழையும் வாய் என்று எல்லா இடத்திலும் தாராளமாகச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, அந்த இஞ்சினுக்குச் சாமந்திச் சரமும் சுற்றினாள். பூவை மறுநாள் நான் பிய்த்து எடுத்தேன். நூல் தங்கிவிட்டது.

கோகிலா முக்காலியில் உட்கார்ந்தாள். “அப்ப இத்தனை நாளும் நானுங்களா?” என்றாள் மெல்லிய குரலில்.

“இஞ்சினைக் காட்டிக் கொடுத்தது நான்தானே” என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு சிரிக்க ஆரம்பித்தோம். நிறுத்த முடியவில்லை. காற்றடிக்க வந்த ஒருவர் வண்டியை நிறுத்தலாமா வேண்டாமா என்று தயங்கி, நிறுத்தாமலே போய்விட்டார்.

உறைக்குள் மண்ணெண்ணெய் விட்டு, கேபிளை முன்னும் பின்னும் இழுத்துக் கழுவினோம். மஞ்சள் தண்ணீராக வந்தது. பிறகு சுத்தமான எண்ணெய் இரண்டு சொட்டு. செயினைச் சின்னப் பல்சக்கரத்தில் நிறுத்தி, கேபிளை விறைப்பாக இழுத்துப் பிடித்துப் போல்டை முடுக்கினேன். வீணாகத் திருப்பிய திருகுகளை ஒவ்வொன்றாக, ஒன்றைத் திருப்பி மிதித்துப் பார்த்துவிட்டு அடுத்தது என்று கோகிலா சொன்னபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். கடைசியில் குமிழை அரைச் சுற்று. அவள் மிதியைக் கையால் சுற்ற, நான் பொத்தானை அழுத்தினேன்.

டக். ஒரு பல். டக். இன்னொரு பல். எட்டும் ஏறி, எட்டும் இறங்கின. நான் கத்திவிட்டேன்.

பூசை முடிந்து ரோஸ்லின் அக்கா கையில் ஒரு பொட்டலம் சுடச்சுட மெதுவடையோடு வந்தார். கதையைக் கேட்டுவிட்டு ஷட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நீங்க சந்தனம் வெக்கிறீங்க. எங்க ஆளுங்க புது வண்டிய கோயிலாண்ட இட்டுகினு போய் ஃபாதர் கையால தீர்த்தம் தெளிப்பாங்க. ஒருத்தன் சீட்ட தொறந்து, பிளக்கு மேலயும் தெளிங்க ஃபாதர்ன்னு நின்னான். அங்கேர்ந்து தள்ளிகினேதான் என் கடைக்கு வந்தான்.”

எண்ணெய்க்கும் துணிக்கும் என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். “கடைய பாத்துகினதுக்கு நான் இன்னா தரணும், அத சொல்லு மொதல்ல” என்று வடையை நீட்டினார். வாங்கிக்கொண்டோம்.

கடையில் நின்றது ஒப்பந்தத்தை மீறியதாகுமா என்று நடுவரிடம் கேட்டேன். “ஆட்டோ கூப்பிடலைல்லங்க, செல்லும்” என்று தீர்ப்பானது.

பூந்தமல்லியில் தலைக்கு மேலே மெட்ரோ பாலம், கீழே பஸ்களின் சண்டை. எதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. நெடுஞ்சாலை ஓரமாக நசரத்பேட்டை தாண்டி, ஒன்பதரைக்குச் செம்பரம்பாக்கம். சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு கரைமேல் ஏறியதும் தண்ணீர் கண்ணுக்கு எட்டிய மட்டும் விரிந்தது. எங்கள் வீட்டுக் குழாயில் வருவதில் இதுவும் கலந்திருக்கும், ஆனால் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. காற்று முகத்தில் அடித்தது. வாழைப்பழத்தைத் தின்றோம். பதினோரு வருஷத்தில் எனக்கு இந்தப் பக்கத்தில் தெரிந்ததெல்லாம் ரயில் நிலையமும் அலுவலகமும் மளிகைக் கடையும்தான். கரூரில் எங்கள் தெருவில்கூட முன்பின் தெரியாதவனை நம்பிக் கடையை விட்டுவிட்டு யாரும் கோயிலுக்குப் போக மாட்டார்கள். இதுவும் என் ஊர்தான் என்று அந்தக் கரையில் நின்றபோது முதல் தடவையாகத் தோன்றியது. அதை வாய்விட்டும் சொன்னேன்.

கோகிலா அதைக் கேட்கவில்லை. கீழே இறங்கியதும் என் வண்டியின் கியர் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுங்களா? சரியாயிடுச்சான்னு சோதிச்சுப் பாக்கணுமில்லைங்க.”

சீட்டை இரண்டு விரல்கடை இறக்கிக் கொடுத்தேன். கொஞ்ச தூரம் தள்ளாடினாள். பிறகு டக், டக் என்று இரண்டு சத்தம் கேட்டது. அம்பு போலப் போனாள். எனக்கு எப்போதும் குறுகலாக இருந்து தோளை வலிக்கவைக்கும் அந்த வண்டி, அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. திரும்பி வந்தவள் இறங்கவில்லை. ஒற்றைக் காலை ஊன்றியபடி, “பூந்தமல்லி வரைக்கும் ஓட்டிட்டுத் தரேனுங்க” என்றாள்.

பூந்தமல்லியில் சிக்னல் பச்சையாக இருந்ததால் நிறுத்த முடியவில்லையாம். கரையான்சாவடியில் ரோஸ்லின் அக்காவுக்குக் கை ஆட்டினாளே தவிர இறங்கவில்லை. கூவம் பாலத்தில் ஒரு கியர் குறைத்து உட்கார்ந்தபடியே ஏறிப் போனாள். நான் அவளுடைய கூடை சைக்கிளில், வாழைப்பழத் தோலையும் காலி பாட்டிலையும் சுமந்துகொண்டு, எழுந்து நின்று மிதித்தேன். பாலம் காலையில் இருந்ததைவிடச் செங்குத்தாகத்தான் இருந்தது.

பருத்திப்பட்டு ஏரிக்கரை நிழலில் அவளுடைய போன் அடித்ததால்தான் ஒருவழியாக நின்றாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கூப்பிட்டவர் முத்தாபுதுப்பேட்டைக்காரர். ஐந்து மணிக்குப் பதிலாக நான்கு மணிக்கே வரலாமா என்று கேட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“மன்னிச்சுக்கோங்க, அது விக்கிறதுக்கில்லைங்க” என்றாள் கோகிலா. என் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அவர் விடவில்லை. “சாருக்கு அது சரிப்பட்டு வரலைன்னு சொன்னீங்களேம்மா?”

“ஆமாங்க, அவருக்குச் சரிப்பட்டு வராதுங்க” என்று சொல்லிவிட்டு, கோகிலா கைப்பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “இது என்னோட வண்டிங்க. கூடை வெச்ச சைக்கிள் ஒண்ணு சும்மாதான் இருக்குது, வேணுமுங்களா?”